தக்காளி மண்டியில் ஈரான் – ஈராக் போர்

1. முதல் நாள்

ஏலம் முடிந்துவிட்டது, விலை சொல்ல ஆள் வரவில்லை. பாலக்கோடு தக்காளி மண்டியில் என்னுடைய முதல் நாள் இப்படித்தான் விடிந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குச் சொந்தமாக ஒரு சின்ன சவுண்ட் சர்வீஸ் இருந்தது. கல்யாண சீசன், மாரியம்மன் திருவிழா, எலெக்‌ஷன் ஆகிய மூன்றையும் நம்பித்தான் பிழைப்பு. அந்தச் சமயத்தில் மண்டிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, தினமும் காலையில் விலை சொல்லவும் லோடு ஏற்ற லாரிகளைக் கூப்பிடவும் நிரந்தரமாக ஒரு மைக்செட் வேண்டும் என்றார்கள். தினசரி வாடகை என்றால் யார் விடுவார்கள்? நாலு மூலைக்கு நாலு ஹாரன் ஸ்பீக்கர் கட்டினேன். நடுவில் தகரக் கூரை போட்ட மேடை. அதன்மேல் ஆம்ப்ளிஃபயர், மைக், கரண்ட் போனால் சமாளிக்க ஒரு லாரி பாட்டரி. எல்லாம் தயார். விலை சொல்வதற்குப் பேசி வைத்திருந்த ஆளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம், வரவில்லை.

லாரிக்காரர்கள் ஒரு பக்கம் கத்துகிறார்கள், விவசாயிகள் ஒரு பக்கம் கத்துகிறார்கள். எனக்கோ மைக்கில் ‘ஒன், டூ, த்ரீ’க்கு மேல் ஒரு வார்த்தை வராது. அப்போதுதான் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கக்கத்தில் தோல் உறை போட்ட பெரிய ரேடியோவுமாக ஒருத்தர் மேடை ஏறினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. விலைச் சீட்டை வாங்கினார், மைக்கைப் பிடித்தார், முதல் தரம் என்ன விலை, இரண்டாம் தரம் என்ன விலை என்று தெளிவாகச் சொன்னார். மெட்ராஸ் லோடு தெற்கு வாசல், பெங்களூர் லோடு வடக்கு வாசல் என்று பிரித்துவிட்டார். கால் மணி நேரத்தில் மண்டி அடங்கிவிட்டது. அப்பாடா என்று மைக்கை வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

“இதுவரைக்கும் நம்ம மண்டி நிலவரம் கேட்டீங்க. இனிமே உலக நிலவரம்” என்றார்.

விளையாட்டு என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குத்தான் அடுத்த ஆறேழு வருஷம் அனுபவித்தேன்.

“தென் அமெரிக்காவுக்குக் கீழ போக்லாந்துன்னு ஒரு தீவு இருக்குது. அத அர்ஜென்டினாக்காரன் புடிச்சிகிட்டான். இங்கிலாந்துக்காரன் கப்பல்ல வந்துகிட்டிருக்கான். ரெண்டு பேர்ல யாருன்னு கேட்டீங்கன்னா, இங்கிலாந்துக்காரன் எவ்ளோ தூரத்துல இருந்தாலும் வசூலுக்கு வந்து நிக்கிற பார்ட்டி. வண்டியத் தூக்காம திரும்ப மாட்டான். பாத்துகிட்டே இருங்க.”

கூடை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். “தீவுல ஏதுங்ணா வண்டி?” என்று ஒருத்தர் கீழேயிருந்து கேட்டார். அவர் சிரிக்கவில்லை. பாட்டரி சார்ஜ் இறங்கும்வரை பேசினார். பிற்பாடு பார்த்தால் அவர் சொன்னபடியே இங்கிலாந்துக்காரன் ஜெயித்துத் தொலைத்துவிட்டான். அன்றிலிருந்து மண்டியில் அவர் வாக்கு வேதவாக்கு ஆகிவிட்டது. தொண்டை கட்டிய ஆளுக்குத் தொண்டை சரியாகி வந்தபோது அவருக்கு வேலை இல்லை.

2. மாட்டுக் கொட்டாய்

அவர் பெயர் தனபால். ஊரில் ஃபைனான்ஸ் தனபால் என்றால்தான் தெரியும். டிராக்டர், வேன், பழைய லாரி வாங்குகிறவர்களுக்குக் கடன் கொடுக்கும் ஃபைனான்ஸ் ஒன்றை இரண்டு பார்ட்னர்களோடு நடத்தியவர். அந்தத் தொழிலில் கடன் கேட்டு வருகிறவருக்குப் பார்ட்டி என்று பெயர். மற்ற ஃபைனான்ஸ்காரர்கள் பட்டாவையும் ஷூரிட்டி போடுகிறவரையும் பார்த்துவிட்டுக் கடன் கொடுப்பார்கள். இவர் வழி வேறு. சொல்லாமல் கொள்ளாமல் பார்ட்டியின் ஊருக்குப் போய் நிற்பார். வாசலில் நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். நேரே பின்பக்கம் மாட்டுக் கொட்டாய்க்குப் போவார். மாட்டின் விலா எலும்பு தெரிகிறதா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, சாணி அள்ளியிருக்கிறதா என்று பார்ப்பார். கொஞ்ச நாள் கழித்து இன்னொரு நேரத்தில் மறுபடி போவார்.

“வாசல எனக்காகக் கூட்டி வச்சிருவாங்க மாது. கொட்டாய எனக்காக யாரும் கூட்ட மாட்டாங்க” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நேரில் போய்ப் பார்க்காத பார்ட்டியைப் பற்றி நல்லதும் சொல்ல மாட்டார், கெட்டதும் சொல்ல மாட்டார். நல்லம்பள்ளியிலிருந்து மாரண்டஹள்ளி வரைக்கும் இது எல்லாருக்கும் தெரியும். இவர் ஒரு பார்ட்டிக்குச் சரி என்று சொல்லிவிட்டால் மற்ற ஃபைனான்ஸ்காரர்கள் விசாரணையே இல்லாமல் கடன் கொடுப்பார்கள்.

அப்படிப்பட்ட தொழிலை ஏன் விட்டார் என்பதற்கு ஊரில் நாலு கதை. என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான். மழை பொய்த்த வருஷங்களில் நல்ல பார்ட்டிகளும் தவணை கட்ட முடியாமல் போனார்கள். தானே போய்ப் பார்த்து, நல்ல குடும்பம் என்று சொன்ன வீடுகளிலேயே டிராக்டரைத் தூக்க வேண்டி வந்தது. ஒரு வீட்டில் டிராக்டரை ஸ்டார்ட் பண்ணியபோது அந்த வீட்டு அம்மா வெயிலில் வந்திருக்கிறீர்களே என்று மோர் கொண்டுவந்து நீட்டினாராம். “குடிக்கவும் முடியல, வேணாங்கவும் முடியல” என்றார். ஊருக்குத் திரும்பி வந்து பார்ட்னர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவருக்குத் துணை அந்த ரேடியோதான். சிற்றலையில் லண்டன், மாஸ்கோ, கொழும்பு என்று எங்கெல்லாம் தமிழில் செய்தி வாசித்தார்களோ அதையெல்லாம் விடாமல் கேட்பார்.

“ஊர்க்காரங்களப் பத்திப் பேசி நான் பட்டது போதும். இனிமே வெளிநாட்டுக்காரனப் பத்திப் பேசிக்கிறேன். அவன் வந்து கேக்கப் போறதில்ல” என்பார்.

நியாயம்தான். ஆனால் அதை என் மைக்கில் பேசியிருக்க வேண்டியதில்லை.

3. ஈரான் பெங்களூர் போனது

தனபால் அண்ணனுக்கு மைக் பிடிக்கவே தெரியாது. வாயை மைக்கோடு ஒட்டவைத்துப் பேசுவார். கோபம் வந்தால் மைக்கை விரலால் தட்டுவார். தட்டும்போதெல்லாம் ஹாரனுக்குள் இருக்கும் யூனிட் அடி வாங்கும். வடக்கு ஹாரன் யூனிட் லெபனானில் எரிந்தது. கிழக்கு யூனிட் ஆப்கானிஸ்தானில் போயிற்று. புது யூனிட் வாங்க நான் சேலத்துக்கு பஸ் ஏற வேண்டும். “கொஞ்சம் தள்ளிப் பேசுங்ணா” என்று கெஞ்சினால், “ரஷ்யாக்காரன் தள்ளிப் போனா நானும் தள்ளிப் போறேன்” என்பார். இவரிடம் என்ன பேச?

நாடுகளை எல்லாம் அவர் பார்ட்டிகளாகத்தான் பார்த்தார். அமெரிக்காக்காரன் ஷூரிட்டி போடுவான், தவணை கேட்டுப் போனால் வீட்டில் இருக்க மாட்டான். ரஷ்யாக்காரன் கணக்கில் நாணயம், வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று காட்ட மாட்டான். சைனாக்காரன் எத்தனை வருஷம் ஆனாலும் பழைய பாக்கியை மறக்க மாட்டான். கேட்பவர்களுக்கு இது சுலபமாகப் புரிந்தது. நம் மண்டியில் தவணை கட்டாத ஆள் யாருக்குத்தான் தெரியாது? மாரண்டஹள்ளி பஸ் கண்டக்டர் உலக நிலவரம் முடியாமல் விசில் ஊத மாட்டார். பஸ்ஸுக்குள்ளிருந்து ஜனங்கள் திட்டுவார்கள், திட்டிக்கொண்டே அவர்களும் கேட்பார்கள்.

ஈரானும் ஈராக்கும் அடித்துக்கொண்டது அவருக்குப் பெரிய தீனியாகப் போயிற்று. வாயால் சொன்னால் புரியவில்லை என்று ஒரு நாள் மேடைக்கு முன்னால் தக்காளிக் கூடைகளை அடுக்க ஆரம்பித்தார். வலப்பக்கம் பத்துப் பன்னிரண்டு கூடை ஈரான். இடப்பக்கம் நாலைந்து கூடை ஈராக். நடுவில் ஒரு காலிச் சாக்கு, அதுதான் வளைகுடாக் கடல். ஈரான் படை நகர்ந்தது என்று சொல்லும்போது கூலிக்காரர் ஒருத்தரைக் கூப்பிட்டு இரண்டு கூடையைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கச் சொன்னார். ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

அன்று மத்தியானம் வடக்கு வரிசை மண்டிக்காரர் என் கடைக்கே வந்துவிட்டார்.

“மாது, என் மெட்ராஸ் லோடுல பத்து கூடைக்கு மேல கொறையுது. எங்கய்யா?”

“எனக்கெப்படிங்க தெரியும்? அந்தக் கூடைங்க ஈரானா, ஈராக்கா?”

“என்னாது?”

விசாரித்தால், மேடைக்கு முன்னால் வடக்கு வாசலைப் பார்த்துக் கிடந்த கூடைகளை எல்லாம் பெங்களூர் லாரிக்காரன் தன்னுடைய லோடு என்று ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ஈரான் முழுக்கப் பெங்களூர் போய்ச் சேர்ந்தது. ஈராக்கில் பாதி மட்டும் மெட்ராஸ் போனது. மண்டிக்காரர் கத்திய கத்தலுக்கு மைக்கே தேவைப்படவில்லை. தனபால் அண்ணன் நிதானமாகக் கேட்டுவிட்டு, “பாத்தீங்களா, சண்டைன்னா நடுவுல இருக்கறவன் சொத்துதான் போவும். இதத்தான் நான் தினம் சொல்றேன்” என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நஷ்டத்தை அவர் கையிலிருந்து கொடுத்துவிட்டார், அது வேறு விஷயம். மறுநாள் ஜனங்கள் முதலில் கேட்டது தக்காளி விலையை இல்லை. “ஈரான் எங்க வரைக்கும் வந்துருக்குதுங்ணா?” என்றுதான் கேட்டார்கள்.

4. லூர்துமேரி வந்து கேட்டது

மண்டியில் தக்காளி தரம் பிரிக்கும் பெண்களில் லூர்துமேரி ஒருத்தர். மாரண்டஹள்ளிப் பக்கம் ஊர். காலையில் முதல் பஸ்ஸில் வருவார். கை வேகமாகப் பழம் பிரித்துக்கொண்டிருக்கும், காது ஹாரன் பக்கம் இருக்கும். அவருடைய கணவர் சின்னப்பன் கொத்தனார். ஒரு கட்டடக் கம்பெனி மூலமாக ஈராக்குக்குப் போயிருந்தார். பாஸ்ரா என்ற ஊருக்குப் பக்கத்தில் வேலை. மண்டியில் மற்றவர்களுக்கு அந்தப் போர் பொழுதுபோக்கு. லூர்துமேரிக்கு அப்படி இல்லை.

சின்னப்பன் லீவில் வந்திருந்தார். வீட்டுக்குச் சுவர் எழுப்பியாகிவிட்டது, இன்னும் தளம் போடவில்லை. லீவு முடிந்து கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியபோது புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. போகவே கூடாது என்று இவர். அங்கே ஒன்றும் இல்லை, எல்லாரும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்று அவர். கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

“தனபாலண்ணன் என்னா சொல்றாரோ அதுதான். போன்னா போறேன், வேணான்னா இங்கயே பாலக்கோட்டுல கொத்து வேல பாக்கறேன்” என்று சின்னப்பன் என்னிடம் சொன்னார். லூர்துமேரி தலையாட்டினார். “நான் பேச்சு மாற மாட்டேன், அவுரும் மாறக் கூடாது. மாதா கோவில்ல வச்சுப் பேசிகிட்டோம்” என்றார்.

நான் தனபால் அண்ணனைத் தேடி ஓடினேன். டீக்கடை பெஞ்சில் காதில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ணா, இது மத்தது மாதிரி இல்ல. ஒரு உசுரு. எனக்குத் தெரியாதும்மான்னு சொல்லி அனுப்பிடுங்க.”

“நான் எத்தன பார்ட்டி பாத்திருக்கேன் மாது.”

“டிராக்டர் பார்ட்டி பாத்தீங்க. இது வேற.”

“பார்ட்டின்னா பார்ட்டிதான். நாளைக்கு மைக்குலயே சொல்றேன். பாஸ்ரா தாங்காது. ஈரான்காரன் இந்தக் குளிருக்குள்ள உள்ள வந்துருவான். அந்தப் பையன் போகவே கூடாது.”

அதைக் கேட்டதும் உண்மையில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. சரி, தெரிந்து சொல்கிறாரோ தெரியாமல் சொல்கிறாரோ, போகாதே என்றுதான் சொல்லப்போகிறார். சின்னப்பன் ஊரில் இருப்பார். இந்த ஒரு தடவை மட்டும் இவர் வாய்க்கு நான் எதிர்ப்பாட்டு பாட வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். மைக்கைத் தட்டினாலும் பரவாயில்லை, யூனிட் போனாலும் போகட்டும் என்றுகூட நினைத்தேன்.

5. மைக் ஆன், பேச்சு இல்லை

மறுநாள் மண்டி நிலவரம் முடிந்தது. தனபால் அண்ணன் அந்தப் புருஷன் பெண்டாட்டியை மேடைக்குக் கூப்பிட்டு மைக்குக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். அவருக்கு எதிலும் ஒரு சபை வேண்டும். சின்னப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லூர்துமேரி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். கூடை தூக்குகிறவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டார்கள். கண்டக்டர் பஸ்ஸைவிட்டு இறங்கியே வந்துவிட்டார்.

“நம்ம மண்டியில வேல பாக்கற லூர்துமேரிக்காக இன்னிக்கு பாஸ்ரா நிலவரத்தத் தனியா சொல்றேன். பாஸ்ராவ நான் நல்லா கவனிச்சுட்டேன். அது விழப்போற பார்ட்டி. எல்லைய ஒட்டுன ஊரு, பின்னால தண்ணி, ஓட எடமில்ல. அதனால…”

இன்னும் நாலே வார்த்தை. ‘சின்னப்பன் அங்க போக வேணாம்.’ அந்த நாலு வார்த்தையை மட்டும் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். அதற்குள் லூர்துமேரி குறுக்கே கேட்டார். மைக் பக்கத்தில் இருந்ததால் நாலு ஹாரனிலும் அவர் குரல் கேட்டது.

“ணா, நீங்க எப்பப் போயிட்டு வந்தீங்க?”

“எங்கம்மா?”

“பாஸ்ராவுக்குத்தான். எங்கப்பா டிராக்டருக்குக் கேட்டப்ப மூணு தடவ எங்க மாட்டுக் கொட்டாய்க்கு வந்தீங்க. போய்ப் பாக்காம நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு. அதான் கேக்கறேன். இவுரு வேல செய்யற எடத்தப் பாத்தீங்களா? எப்பிடி இருக்குது?”

கிண்டல் இல்லை, சந்தேகமும் இல்லை. அவர் நிஜமாகவே கேட்டார். தனபால் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார் என்று ஊரே நம்பியிருந்தது. அதே நம்பிக்கையில்தான் போக்லாந்தையும் கேட்டார்கள், லெபனானையும் கேட்டார்கள். எப்படிப் போயிருப்பார், எப்போது போனார் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. லூர்துமேரியும் யோசிக்கவில்லை, கேட்டுவிட்டார். அவ்வளவுதான்.

தனபால் அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். ஆம்ப்ளிஃபயரில் விளக்கு எரிகிறது, மைக் ஆனில் இருக்கிறது, நாலு ஹாரனிலும் லேசான இரைச்சல் மட்டும் வருகிறது. எதையாவது சொல்லித் தொலையுங்கள் என்று நான் மனசுக்குள் கத்தினேன். ‘போகலம்மா, ஆனா எனக்குத் தெரியும்’ என்று சொன்னால்கூடப் போதும், அந்தக் கூட்டம் ஏற்றுக்கொண்டிருக்கும்.

“போகலம்மா” என்றார். பிறகு, “எனக்குத் தெரியாது” என்றார்.

“அப்ப யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது.”

லூர்துமேரியின் முகம் மாறிவிட்டது. “தெரியாதா? இத்தன நாளும் பாத்தவரு மாதிரியே பேசினீங்களே! எங்க ரெண்டு பேரு சண்டையவும் உங்கள நம்பித்தான உங்ககிட்டக் கொண்டாந்தோம்!” என்று அழ ஆரம்பித்துவிட்டார். தனபால் அண்ணன் சின்னப்பன் பக்கம் திரும்பி, “தம்பி, தெரியாத எடத்துக்குப் போக வேணாம்ப்பா” என்றார். அதை மைக்கைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னார். மேடையில் நின்றவர்களுக்கு மட்டும்தான் கேட்டது.

சின்னப்பன் யோசித்தார். பிறகு, “யாருக்கும் தெரியலன்னா கம்பெனிக்காரன் சொல்றதத்தாங்க நான் கேக்கணும். அவன் ‘ஒண்ணுமில்ல, வா’ங்கறான்” என்றார். மாதா கோவிலில் பேசிக்கொண்ட பேச்சு அப்படி. தெரியாது என்று ஒப்புக்கொண்ட பிறகு தனபால் அண்ணன் சொன்ன ‘வேணாம்’ அதில் சேர்த்தி இல்லை. அந்த வாரமே சின்னப்பன் கிளம்பிவிட்டார்.

அன்று எனக்கு வந்த எரிச்சலை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. நாலைந்து வருஷம் தெரியாததை எல்லாம் தெரிந்த மாதிரி பேசிய மனுஷன், ஒரு உயிரைக் காப்பாற்றக்கூடிய ஒரே இடத்தில் போய் உண்மையைப் பேசிவிட்டார். தனியாகக் கிடைத்தபோது கேட்டே விட்டேன். “நாலு வார்த்த ணா! நாலே வார்த்த! அத முடிச்சிருக்கக் கூடாதா?”

“அந்தப் பொண்ணு கேட்டப்புறம் வாய் வரல மாது” என்றார். “நான் அவுங்க கொட்டாய்ல நின்னது ஞாபகம் வந்துருச்சு.”

6. அதற்குப் பிறகு

அந்தக் குளிர்காலத்தில் பாஸ்ராவைச் சுற்றி நிஜமாகவே கடும் சண்டை நடந்தது. அவர் போய்ப் பார்க்காமல் சொன்னது பாதி பலித்துவிட்டது. ஊர் விழவில்லை, ஆனால் குண்டு விழுந்துகொண்டே இருந்தது. சின்னப்பனிடமிருந்து தகவல் வருவது நின்றுபோனது.

தனபால் அண்ணன் உலக நிலவரத்தை விடவில்லை. ஆனால் ஆளே மாறிவிட்டார். பார்ட்டி, ஷூரிட்டி எல்லாம் போயிற்று. “லண்டன்ல இப்பிடிச் சொல்றான். மாஸ்கோவுல வேற மாதிரி சொல்றான். நான் போய்ப் பாக்கல” என்பார். பாஸ்ரா பற்றிச் செய்தி இருந்தால் அதைத்தான் முதலில் சொல்வார். இல்லாவிட்டால், “பாஸ்ரா பத்தி இன்னிக்குத் தகவல் இல்ல” என்று அதையும் சொல்வார். மைக்கைத் தட்டுவதில்லை. யூனிட் எதுவும் எரியவில்லை.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மண்டிக்காரர்களோ என்னைப் பிடித்து உலுக்கினார்கள். “என்னாய்யா இவுரு இப்பிடி ஆயிட்டாரு? யாரு ஜெயிப்பான்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கறாரு?” கண்டக்டர் உலக நிலவரம் தொடங்கும் முன்பே விசில் ஊத ஆரம்பித்தார். ஜனங்கள் எல்லாம் டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். அங்கே தினத்தாள் வாசிக்கிற ஒருத்தர், அவர் தர்மபுரியைத் தாண்டிப் போனதில்லை, உலகத்தில் எவன் எப்போது விழுவான் என்று நாள் குறித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் மண்டிக்காரர்கள், விலை சொல்லி முடித்ததும் சினிமாப் பாட்டுப் போடு என்று எனக்கு உத்தரவு போட்டார்கள். தனபால் அண்ணன் விலை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டார்.

லூர்துமேரி ரொம்ப நாள் அவரிடம் பேசவில்லை. ஆனால் தினமும் வேலை முடிந்ததும் என் கடைக்கு வந்து வாசலில் நிற்பார். உள்ளே தனபால் அண்ணன் ரேடியோவோடு உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, “மாதண்ணா, சேதி எதுனா உண்டா?” என்பார். அவர் என்னைப் பார்த்து, “இல்லன்னு சொல்லு மாது” என்பார். பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் நான் ஒரு ஹாரன். எத்தனை நாள் இந்தக் கூத்தை நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் பொறுக்க முடியாமல், “ரெண்டு பேரும் நேரா பேசித் தொலைங்களேன்” என்று கத்திவிட்டேன். இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள். மறுநாளும் அதே கதைதான்.

போர் நின்றது. அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, ஒரு சந்தை நாளில் சின்னப்பன் மாரண்டஹள்ளி பஸ்ஸிலிருந்து மண்டி வாசலில் இறங்கினார். உடம்பு பாதியாகியிருந்தது. லூர்துமேரி பழக்கூடையை அப்படியே கவிழ்த்துவிட்டு ஓடினார். பக்கத்தில் நின்ற பெண்களெல்லாம் சேர்ந்து அழுதார்கள். நானும்தான்.

அழுது முடிந்ததும் மண்டி மொத்தமும் சின்னப்பனைச் சுற்றிக்கொண்டது. நிஜமாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்த ஆள் அல்லவா! மேடையில் ஏற்றிக் கையில் மைக்கைக் கொடுத்து, அங்கே என்ன நடந்தது, யார் ஜெயித்தார்கள் என்று கேட்டார்கள்.

“எனக்கென்னாங்க தெரியும்?” என்றார் சின்னப்பன். “காலையில கலவ போடுவோம். சத்தம் கேட்டா பள்ளத்துல படுத்துக்குவோம். சத்தம் நின்னா மறுபடி கலவ போடுவோம். யார் ஜெயிச்சாங்கன்னு இங்க வந்து தனபாலண்ணனக் கேக்கலாம்னுதான் இருந்தேன்.”

ஜனங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒவ்வொருத்தராகக் கலைந்து டீக்கடைப் பக்கம் போய்விட்டார்கள். அங்கே அந்தத் தினத்தாள்காரர் யார் ஜெயித்தார்கள் என்று ஏற்கெனவே சொல்ல ஆரம்பித்திருந்தார். மேடையில் தனபால் அண்ணன், புருஷன் பெண்டாட்டி, வயரைச் சுருட்டிக்கொண்டு நான்.

லூர்துமேரி நேராகத் தனபால் அண்ணனைப் பார்த்துப் பேசினார்.

“ணா, அன்னிக்கு நீங்க போவ வேணான்னு சொல்லத்தான வந்தீங்க?”

“ஆமாம்மா.”

“நான் குறுக்க கேக்காம இருந்திருந்தா இவுரு வூட்லயே இருந்திருப்பாரு.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “இருந்திருப்பாரு” என்றார்.

“ராத்திரி பகலா அதையே நெனச்சுகிட்டுக் கெடந்தேன். என் வாய நானே சபிச்சுகிட்டேன்” என்றார் லூர்துமேரி. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ஆனா இன்னொரு தடவ வந்தாலும் அதத்தாண்ணா கேப்பேன். கேக்காம எப்பிடி அனுப்பறது, கேக்காம எப்பிடி நிறுத்தறது?”

தனபால் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரேடியோவை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். மூன்று பேருமாக டீ குடிக்கப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை, வயரைச் சுருட்டுகிறவனை யார் கூப்பிடுவார்கள்?

சவுண்ட் சர்வீஸ் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். அதற்குப் பிறகு கட்சிக் கூட்டமோ, கம்பெனி விளம்பரமோ, கைராசி டாக்டரோ, மைக் பிடிக்க யார் வந்தாலும், நீங்கள் சொல்லப்போவதைப் போய்ப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்தேன். அதனாலேயே பல ஆர்டர் வேறு மைக்செட்காரனுக்குப் போயிற்று. போகட்டும்.